வாசித்ததற்குச் சாட்சி

ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டதால்தான் எனக்கு வாசகசாலை அட்டை கிடைத்தது. சரியாகப் புரிந்துகொண்டு போயிருந்தால் எழுந்து நின்று, "கதை நன்றாக இருந்தது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பேன். அதோடு முடிந்திருக்கும்.

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. தொண்ணூறுகள் முடியப்போகிற நேரம். ஆரியசாலையில் மிளகாய் மொத்தக் கடைகளுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அம்மா அந்தக் கடைகளின் கிட்டங்கியில் மிளகாய்க் காம்பு கிள்ளப் போவாள். அப்பா பழவங்காடியில் ஒரு ஹோட்டலில் டீ மாஸ்டர். இரண்டு பேரும் தென்காசிப் பக்கத்திலிருந்து மலையாள நாட்டுக்குப் பிழைக்க வந்தவர்கள். எங்களைச் சேர்க்க வந்த அன்றுதான் அவர்கள் பள்ளிக்கூடத்துக்குள் முதன்முதலாகக் காலெடுத்து வைத்தார்கள்.

என்னைத் தமிழ் மீடியத்தில் சேர்த்தார்கள். தங்கச்சி என்னைவிட ஒன்றரை வயது இளையவள். அவளைச் சேர்க்கிற சமயத்தில் ஹோட்டலுக்கு வரும் யாரோ ஒருவர், பெண்ணை மலையாளத்தில் சேர்த்தால் இங்கேயே ஆபீஸ் வேலை கிடைக்கும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். ஆகவே ஒரே விளக்கின் கீழ் இரண்டு லிபிகளில் வீட்டுப்பாடம் நடந்தது. அவளுடைய எழுத்து எனக்குப் பஸ் போர்டு படிக்கிற அளவுக்குத் தெரியும். என்னுடைய எழுத்து அவளுக்குத் துளியும் தெரியாது. வாய்ப்பேச்சில் அவள் தமிழுக்கு ஒரு குறையும் இல்லை, சண்டை போடும்போது கூடுதலாகவே இருக்கும்.

எங்கள் தெருமுனையில் ஒரு கட்டிடத்தின் மாடியில் வாசகசாலை இருந்தது. வாயனசாலை என்பார்கள். கீழே நின்று பத்திரிகை படிக்க யாரையும் கேட்க வேண்டாம். மாடிக்குப் போய்ப் புத்தகம் எடுக்கத்தான் அட்டை வேண்டும். மாடியில் ஜன்னலை ஒட்டி ஓர் அலமாரி முழுக்கத் தமிழ்ப் புத்தகங்கள். அதன் கண்ணாடி வழியாக முதுகுகளில் இருந்த தலைப்புகளை மட்டும் நான் பல மாதம் வாசித்துக்கொண்டிருந்தேன். பாடப்புத்தகத்தைத் தவிர வேறு எந்தப் புத்தகமும் எங்கள் வீட்டுக்குள் அதுவரை வந்ததில்லை.

ஒருநாள் துணிந்து நூலகர் அண்ணனிடம் கேட்டேன். வீட்டு வரி கட்டிய ரசீதுள்ள ஒருவர் ஜாமீன் போட வேண்டும் என்றார். எங்கள் ரேஷன் கார்டே தென்காசியில் இருந்தது. நான் நின்ற நிற்பைப் பார்த்து அவருக்கு என்ன தோன்றியதோ, தாடையால் மூலையைக் காட்டினார். அங்கே ஒரு மேஜையில் தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெண் நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். வாசகசாலையின் சிறுவர் பிரிவுக்குப் பாலவேதி என்று பெயர். அதன் செக்ரட்டரி அவள்தான். பத்தாம் வகுப்பு. கோட்டைக்குள் அக்ரகாரத்து வீடு. என்னைவிட ஒரு வயதுதான் கூட என்றாலும் எல்லாருக்கும் அவள் சேச்சிதான்.

"தமிழ் மீடியமா? நன்னாப் போச்சு, அந்த அலமாரியைத் திறக்கறதுக்கு ஒரு ஆள் வந்தாச்சு" என்றாள். "ஜாமீன் ஒண்ணும் வேண்டாம். ஒரு புஸ்தகம் எடுத்துண்டு போ. மூணாவது ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு வந்து நிரூபணம் செய்யணும். நிரூபணம் நன்னா இருந்தா கார்டு. இல்லேன்னா கெடையாது, கேட்டியா?"

"யார்கிட்ட செய்யணும் சேச்சி?"

"எல்லார் முன்னாடியும் ஆக்கும்."

எனக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. புத்தகத்தைக் கொடுக்கிறார்கள், வாசித்தேன் என்று நான் நிரூபிக்க வேண்டும். நியாயம்தானே? எங்களிடம் எல்லோரும் நிரூபணம்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பள்ளியில் வருடா வருடம் இருப்பிடத்துக்கு, ஸ்காலர்ஷிப்புக்கு ஜாதிக்கு, ஆஸ்பத்திரியில் வருமானத்துக்கு. அவையெல்லாம் நான் யார் என்பதற்கு. நான் செய்த ஒரு காரியத்துக்கு நிரூபணம் கேட்டவள் சேச்சிதான். அது மரியாதையாகக்கூட இருந்தது.

நான் எடுத்த புத்தகத்துக்கு அட்டை கிழிந்து, பழுப்புத் தாள் போட்டிருந்தது. மலைமேல் ஒரு எஸ்டேட். பஸ் வந்து திரும்புகிற இடத்தில் ஒரு டீக்கடை. கடைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டு மகள் ஒருநாள் கடைசி பஸ்ஸில் ஏறிப் போய்விடுகிறாள். அன்றிலிருந்து அவர் தினமும் சாயங்காலம் அந்தப் பஸ் வரும் நேரத்துக்கு ஒரு கிளாஸ் டீ போட்டு மூடி வைக்கிறார். வருடங்கள் போகின்றன. இதுதான் கதை.

புத்தகம் வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் தங்கச்சிக்கு அம்மை போட்டுவிட்டது. வேப்பிலையும் பாயுமாகக் கிடந்தாள். சொறியக் கூடாது என்று சொல்லச் சொல்லக் கை அங்கேதான் போகும். அம்மா வேலைக்குக் கிளம்பும்போது என்னைப் பார்த்தாள்.

"ஏல, மனசுக்குள்ளயே என்னத்தையோ வாசிக்கியே, அதை வாய்விட்டு வாசி. அவளும் கேக்கட்டும். கதை கேட்டா கை சும்மா கெடக்கும்லா?"

அப்படித்தான் தினமும் பள்ளிவிட்டு வந்ததும் ஒரு மணி நேரம் வாசிக்க ஆரம்பித்தேன். தங்கச்சி சும்மா கேட்கிற ஆளில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் கருத்து.

"அந்தப் பொண்ணு ஒரு லெட்டர் போட்டா என்னவாம்?"

"போடலைன்னு எழுதியிருக்கு."

"அய்யே, கழுதை. செரி, வாசி."

எங்கள் சித்தி பொன்முடி எஸ்டேட்டில் இலை பறித்துக்கொண்டிருந்தாள். ஒரு லீவுக்கு நாங்கள் அங்கே போயிருக்கிறோம். வளைந்து வளைந்து ஏறும் ரோடும், ஒன்றை விட்டால் அடுத்ததற்கு மணிக்கணக்கில் நிற்க வேண்டிய பஸ்ஸும் எங்களுக்குத் தெரியும். அதனால் அந்தக் கதை நடக்கிற இடம் பொன்முடிதான் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். புத்தகத்தில் வேறு பேர் இருக்கிறது என்று சொன்னால், "எழுதினவர் தெரியாம மாத்திப் போட்டிருப்பார்" என்பாள்.

கடைசி அத்தியாயம் வரும் அன்று, பொறுக்க முடியாமல் பள்ளியில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலேயே நான் முன்னால் வாசித்துவிட்டேன். பதினோரு வருடம் கழித்து மகள் வருகிறாள். அன்றைக்குப் பார்த்து டீக்கடைக்காரருக்குக் காய்ச்சல். கடைப் பலகைகள் மூடியிருக்கின்றன. டீ இல்லை. அவள் மூடிய கடையைப் பார்க்கிறாள். அதே பஸ் திரும்பும்போது ஏறிப் போய்விடுகிறாள். அவ்வளவுதான். கீழே வெறும் தாள்.

எனக்குக் கோபமாக வந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் தங்கச்சி பாயில் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். முகமெல்லாம் கொப்புளம், நடுவில் இரண்டு கண்கள் மட்டும் பளபளக்கின்றன.

"இன்னிக்கு வருவா அல்லே? எனக்குத் தெரியும். வாசி, வாசி."

வாசித்தேன். மகள் பஸ்ஸிலிருந்து இறங்குகிற இடம்வரை புத்தகத்தில் இருந்ததை வாசித்தேன். அதற்குமேல் கண்ணைத் தாளிலேயே வைத்துக்கொண்டு, வாய் தானாகச் சொல்லிக்கொண்டு போயிற்று. பலகை இடுக்கில் அவர் பார்த்துவிடுகிறார். காய்ச்சலோடு எழுந்து ஒரு பலகையை மட்டும் நகர்த்துகிறார். ஒன்றும் பேசவில்லை. அடுப்பைப் பற்ற வைக்கிறார். டீயைக் கைக்கும் கைக்கும் நடுவில் ஒரு முழ நீளத்துக்கு இழுத்து ஆற்றுகிறார். கிளாஸை மேஜையில் வைக்குமுன் அடியைத் துண்டால் ஒரு தடவை துடைக்கிறார். மகள் குடிக்கிறாள். சீனி இல்லாத டீ, அவளுக்கு அப்படித்தான் பிடிக்கும் என்று அவருக்கு நினைவிருந்தது. முற்றும்.

தங்கச்சி அழுதாள். கொப்புளத்தில் கண்ணீர் பட்டு எரிகிறது என்று அதற்கும் சேர்த்து அழுதாள். பிறகு சிரித்தாள்.

மறுநாள் வந்தது வினை.

"அண்ணே, அந்தக் கடைசிப் பக்கம் மட்டும் ஒருக்கா கூடி வாசி."

முந்தின நாள் சொன்னது எனக்குப் பாதிதான் நினைவிருந்தது. சமாளித்துச் சொன்னேன். பாதியிலேயே கையைப் பிடித்துவிட்டாள்.

"நில்லு. நேத்து டீல சீனி இல்லைன்னு வாசிச்சே. இன்னிக்கு ரெண்டு ஸ்பூன் போடுறார்?"

"நேத்து அவசரத்துல வரியை விட்டுட்டேன்."

"சீனி இல்லைன்னு தனியா ஒரு வரி வாசிச்சியே?"

"அச்சுப்பிழை" என்றேன். நம்பினாள். வேறு வழி? புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தாலும் அவளுக்கு எல்லாம் ஒரே சுழி.

மூன்றாவது ஞாயிறு நெருங்க நெருங்க நான் நிரூபணத்துக்குத் தயாரானேன். ஒவ்வொரு அத்தியாயத்திலிருந்தும் ஒரு வரி நோட்டில் எழுதி வைத்தேன். எந்தப் பக்கத்தில் என்ன எழுத்துப்பிழை என்று ஒரு பட்டியல். புத்தகத்தில் தொண்ணூற்றேழாம் பக்கத்திலிருந்து பதினாறு பக்கம் பைண்டிங்கில் இரண்டு தடவை வந்திருந்தது. முழுக்க வாசித்தவனுக்குத்தான் இது தெரியும், ஆகவே அது முக்கியத் தடயம். இவ்வளவும் போதாதென்று ஒரு சாட்சியும் வேண்டும் என்று தோன்றியது. தங்கச்சிக்கு அதற்குள் உடம்பு சரியாகித் தலைக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள்.

"நான் புஸ்தகம் வாசிச்சேன்னு வந்து சொல்லணும். அவ்வளவுதான்."

"எனக்கு என்ன கெடைக்கும்?"

"போளி."

"ரெண்டு."

நிரூபணம் என்ற சொல்லை நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மலையாள மீடியக்காரி அப்போதே சிரித்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் பெஞ்சில் இருந்தார்கள். பழவங்காடி கோவிலில் தேங்காய் உடைக்கிற சத்தம் ஜன்னல் வழியாகப் படார் படாரென்று வந்துகொண்டிருந்தது. நூலகர் அண்ணன் எங்களை சேச்சியிடம் விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். முதலில் ஒரு நெட்டைப் பையன் எழுந்தான். பத்தாம் வகுப்பு, எதற்கெடுத்தாலும் மறுத்துப் பேசுவதில் அவனுக்குப் பேர் இருந்தது. ஒரு துப்பறியும் கதையைக் கையில் வைத்துக்கொண்டு, கொலைகாரன் யாரென்று முப்பதாம் பக்கத்திலேயே தனக்கு "மனசிலாயி" என்றான். புரிந்துவிட்டது என்பதை மலையாளத்தில் அப்படிச் சொல்வார்கள். அடுத்து ஒரு சின்னப் பெண், படங்கள் நன்றாக இருந்தன, முயல் மட்டும் பூனை மாதிரி இருந்தது என்றாள்.

நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். ஒருவர்கூடத் தடயம் காட்டவில்லை. ஒருவர்கூடச் சாட்சி கொண்டுவரவில்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

என் முறை வந்தது. எழுந்து நோட்டைப் பிரித்தேன். "இந்தப் புத்தகத்தில் தொண்ணூற்றேழு முதல் நூற்றுப் பன்னிரண்டு வரை இரண்டு தடவை உள்ளது. முப்பத்தொன்றாம் பக்கத்தில் 'மழை' என்பதற்கு 'மலை' என்று உள்ளது. நாற்பதாம் பக்கத்தில்..." என்று தொடங்கிப் பட்டியலை முடித்துவிட்டு, "இதற்குச் சாட்சி என் தங்கச்சி" என்றேன்.

தங்கச்சி எழுந்தாள்.

சேச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"எந்தாடா இது?"

"நிரூபணம், சேச்சி."

"இவ யாரு?"

"சாட்சி."

நெட்டையன் பெஞ்சிலிருந்து சரியாத குறை. தங்கச்சிக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை. தன்னை நம்பவில்லை என்று நினைத்துவிட்டாள்.

"சத்தியமா வாசிச்சான் சேச்சி! எனக்கு அம்மை போட்டிருந்துச்சு. பக்கத்துல உக்காந்து மொத்தமும் வாசிச்சான். வேணும்னா பாருங்க" என்று கன்னத்துத் தழும்பையும் கையையும் காட்டினாள்.

மேஜைமேல் இருந்த புத்தகத்தை சேச்சி அப்போதுதான் கையில் எடுத்திருந்தாள். நெருப்பைத் தொட்டவள்போலக் கீழே போட்டாள். முன்பெஞ்சு மொத்தமும் ஒரே நேரத்தில் பின்னால் போயிற்று.

"அய்யோ! புஸ்தகத்தினும் சிக்கன்பாக்ஸ்!" என்று கத்தினான் நெட்டையன்.

படியேறி வந்த நூலகர் அண்ணன் ஒரு பழைய பத்திரிகையால் புத்தகத்தைப் பிடித்து, ஜன்னலுக்கு வெளியே வெயில் விழும் திண்டில் கொண்டுபோய் விரித்து வைத்தார். "வெயில் கொண்டால் மதி", வெயில் பட்டால் போதும் என்று சொல்லிவிட்டு மறுபடி இறங்கிப் போனார். எல்லோரும் சிரித்து ஓய்ந்தபின் சேச்சி என்னிடம் சொன்னாள்.

"அசடே, மலையாளத்துல நிரூபணம்னா அபிப்ராயம் சொல்றதாக்கும். புஸ்தகம் எப்படி இருந்தது, எது பிடிச்சுது, எது பிடிக்கலை. நீ வாசிக்கலைன்னு யாருடா சொன்னா?"

நோட்டை மூடினேன். காது சுட்டது. பக்கத்திலிருந்து தங்கச்சி பல்லைக் கடித்துக்கொண்டு, "இதுக்கா என்னைக் கூட்டிட்டு வந்தே? ரெண்டு போளி போதாது" என்றாள்.

சேச்சியின் மேஜையில் மஞ்சள் அட்டை ஒன்று எழுதப்படாமல் கிடந்தது. கதைக்காக வந்திருந்தால் கதையைப் பற்றிப் பேசியிருக்கலாம். நான் எழுத்துப்பிழையோடு வந்திருக்கிறேன். அட்டை போயிற்று என்றே நினைத்தேன். என் முகத்தைப் பார்த்துத்தானோ என்னவோ சேச்சி, "செரி, இப்பவும் சொல்லலாம். கதையைச் சொல்லு, முடிவையும் சொல்லு" என்றாள்.

சொன்னேன். டீக்கடை, சண்டை, மூடி வைத்த கிளாஸ். ஒழுங்காக வாசித்தவன் என்று காட்ட வேண்டும் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. ஆகவே முடிவைப் புத்தகத்தில் இருந்தபடியே சொல்லிவிட்டேன். "பலகை மூடியிருந்தது. அவள் அதே பஸ்ஸில் திரும்பிப் போய்விட்டாள்."

"பொய்!"

தங்கச்சி.

"பொய் சொல்றான் சேச்சி! அவர் பலகையைத் தொறந்தார். டீ போட்டார். இவன்தான் வாசிச்சான், ரெண்டு நாள் வாசிச்சான்!"

"சாட்சி கூறு மாறி!" என்று நெட்டையன் எழுந்தே நின்றுவிட்டான். கோர்ட்டில் சாட்சி மாற்றிச் சொன்னால் அங்கே அப்படித்தான் சொல்வார்கள். "எனிக்கு இது இஷ்டப்பட்டு!"

வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டேன். கடைசிப் பக்கத்தை நானாகக் கட்டிச் சொன்னேன் என்று.

தங்கச்சி என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். "அப்போ அந்த ரெண்டு ஸ்பூன் சீனி?"

"நான் போட்டதுதான்."

"துண்டால துடைச்சது?"

"அது அப்பா துடைக்கறது."



"ஏன்டா மாத்தினே?" என்றாள் சேச்சி. இந்தத் தடவை கேலி இல்லை.

"முடிவு சரியில்லை சேச்சி."

"ஏன் சரியில்லை?"

அதற்குப் பதில் நோட்டில் இல்லை. ஆனால் இரண்டு வாரமாக வயிற்றுக்குள் இருந்தது. பதினோரு வருடம் ஒருநாள் விடாமல் டீ வைத்த ஆள், அவள் வருகிற ஒரே ஒரு நாள் மட்டும் ஏன் வைக்கவில்லை? காய்ச்சலை அவருக்கு யார் கொண்டுவந்தது? எழுதினவர்தான் கொண்டுவந்தார். நம்மை அழவைப்பதற்காகக் கொண்டுவந்தார். அது கள்ளாட்டம். இப்படி ஏதோ சொன்னேன். பாதி தமிழ், பாதி மலையாளம்.

நெட்டையன் விடவில்லை. வாழ்க்கை அப்படித்தான் இருக்கும், "ஜீவிதம் அங்ஙனயாணு", நாம் காத்திருக்கிற நாளில் ஒன்றும் வராது என்றான். அவனுக்குப் பதினைந்து வயது.

அவனுக்குப் பதில் சொன்னது நானில்லை. அதுவரை என்னைக் கொல்லப்போகிறவள்போல நின்றிருந்த தங்கச்சி, சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். நல்ல மலையாளத்தில் பிடித்தாள் பாருங்கள்.

அவள் சொன்னது இது. மலைமேல் ஏறி வந்த பஸ் உடனே திரும்பிப் போகாது. பொன்முடியில் நாங்கள் பார்த்திருக்கிறோம். டிரைவரும் கண்டக்டரும் இறங்கி டீ குடிக்காமல் எந்த வண்டியும் நகராது. இருப்பது ஒரே டீக்கடை. அது மூடியிருந்தால் அந்தப் பெண் சும்மா நிற்கலாம். டிரைவர் சும்மா நிற்பானா? பலகையைத் தட்டு தட்டென்று தட்டி அந்த ஆளை எழுப்பியிருப்பான். அவர் வெளியே வந்திருப்பார். மகளைப் பார்த்திருப்பார். ஆகவே இந்த முடிவு நடக்கவே முடியாது. எழுதினவர் பஸ்ஸில் போனதில்லை.

படாரென்று ஒரு தேங்காய் உடைந்தது. அறை முழுவதும் கை தட்டியது.

அதற்குப் பிறகு யார் பேசினார்கள், யார் பேசவில்லை என்றே சொல்ல முடியாது. டிரைவர் பிளாஸ்க்கில் டீ கொண்டுவந்திருக்கலாம் என்றான் ஒருவன். பிளாஸ்க் வைத்திருக்கிற டிரைவரை நீ பார்த்திருக்கிறாயா என்றாள் இன்னொருத்தி. முயல் படத்தைக் குறைசொன்ன சின்னப் பெண், மகளே பலகையைத் தட்டியிருக்கலாமே, கை இல்லையா என்று கேட்டாள். அது அதுவரை யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. நெட்டையன் தன் கட்சிக்கு ஆள் சேர்க்கப் பெஞ்சு பெஞ்சாகப் போனான். புத்தகத்தை நான் ஒருவன்தான் வாசித்திருந்தேன். ஆனால் அந்த டீக்கடை எல்லோருக்கும் தெரிந்த கடையாகிவிட்டது. சேச்சி ஸ்கேலால் மேஜையில் அடித்து அடித்து ஓய்ந்து, கடைசியில் அவளும் ஒரு கட்சியில் சேர்ந்துகொண்டாள்.

மணி ஐந்தாகிவிட்டது. "இதுதான்டா நிரூபணம்" என்றாள் சேச்சி. "இவனுக்குக் கார்டு கொடுக்கலாம்னு நினைக்கறவா கை தூக்குங்கோ."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. நெட்டையன் கையைக் கடைசியில், மிக உயரத்தில் தூக்கினான்.

"ஒரு நிபந்தனை. இனிமே புஸ்தகத்துல இல்லாததை வாசிக்கப்படாது."

மஞ்சள் அட்டையில் என் பெயரை மலையாளத்தில் எழுதி, அடியில் தமிழிலும் எழுதித் தந்தாள். படியிறங்கும்போது அதைச் சட்டைப்பையில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தேன். தங்கச்சி போளிக்கடை வரைக்கும் என்னோடு பேசவில்லை. மூன்றாவது போளிக்குப் பிறகு பேசினாள்.

"எனக்குத் தமிழ் எழுத்து சொல்லிக் கொடு. இனிமே உன்னை நம்ப மாட்டேன்."

அன்று அப்பா வந்ததும் அவரிடமும் வழக்கு போயிற்று. "அப்பா, டீக்கடை மூடியிருந்தா டிரைவர் என்ன பண்ணுவான்?"

அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே, "பலகையைப் பேத்துருவானுவ" என்றார். "எதுக்கு கேக்க?"

"எல்லாம் ஒரு நிரூபணத்துக்குத்தான்" என்றாள்.

தமிழ் எழுத்து அவளுக்குச் சீக்கிரம் வந்தது. ப, வ, ய எல்லாம் மலையாளத்திலிருந்து எடுத்ததுதானே என்று ஆரம்பத்திலேயே ஒரு சண்டை. பிறகு க. "பகவதிக்கும் கதவுக்கும் ஒரே க-வா? அப்போ எப்படி வாசிக்கறது, குத்துமதிப்பாவா?" பழகிவிடும் என்றேன். இரண்டு மாதத்தில் பழகியும்விட்டது. அதே புத்தகத்தை என் அட்டையில் மறுபடி எடுத்துவரச் சொன்னாள். கடைசிப் பக்கத்தைத் திறந்து, விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாக. ஒரு பக்கத்துக்கு அரைமணி நேரம். நான் வாயைத் திறக்கக் கூடாது என்று கட்டளை.

ஓர் இடத்தில் விரல் நின்றது.

"டி-ரை-வர் இரண்-டு தட-வை ஹா-ரன் அடித்-தான்."

மறுபடி வாசித்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணே, இந்த வரி நீ வாசிக்கவே இல்லையே?"

எட்டிப் பார்த்தேன். இருந்தது. பள்ளியில் சோற்றுப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு அவசரமாக வாசித்தபோது என் கண் அதைத் தாண்டிப் போயிருக்கிறது. இத்தனை எழுத்துப்பிழைகளைக் கண்டுபிடித்தவனுக்கு ஒரு முழு வரி தெரியவில்லை.

"அப்போ டிரைவர் கூப்பிட்டிருக்கான்" என்றாள். "அவருக்குக் கேட்டிருக்கு."

"காய்ச்சல்ல படுத்திருக்கார்."

"காய்ச்சல்ல காது அடைச்சிருமா? எனக்கு அம்மை போட்டப்போ பழவங்காடில தேங்காய் உடைக்கற சத்தம்கூடக் கேட்டுச்சு. அவருக்கும் கேட்டிருக்கு. கேட்டும் தொறக்கலை." விரலால் அந்த வரியை ஒரு தட்டுத் தட்டினாள். "வீம்பு, அண்ணே. அவளுக்கு இருந்ததே, அதே வீம்பு. இத்தனை வருஷம் டீ வெச்சதுலயும் பாதி அதுதான்."

"அப்போ முடிவு?"

"முடிவு சரிதான். நாமதான் சரியா வாசிக்கலை." பிறகு அவளே சிரித்துவிட்டாள். "ஆனா உன் முடிவுல டீ நல்லா இருந்துச்சு."

அடுத்த மூன்றாவது ஞாயிறு அவளும் மாடிக்கு வந்தாள். தனக்கென்று ஓர் அட்டை வேண்டும், வீட்டுக்கு வாரம் இரண்டு புத்தகம் வர வேண்டும் என்பது அவள் கணக்கு. அதற்குள் பாலவேதியில் ஒரு பழக்கம் வந்திருந்தது. யார் நிரூபணம் சொல்ல எழுந்தாலும் நெட்டையன் வக்கீல்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்பான். யாரும் பதில் சொல்வதில்லை, சிரிப்பதோடு சரி.

தங்கச்சி வெயிலில் வெளுத்துப்போன அந்தப் பழுப்பு அட்டைப் புத்தகத்தோடு எழுந்து நின்றாள். முன்பு தான் சொன்னது தப்பு என்று சொல்லப்போகிறாள் என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

"சாட்சி உண்டோ?" என்றான் நெட்டையன்.

நான் எழுந்தேன்.

"உண்டு."